மீன்தொட்டியிற் படரும் பாசி

மழைக்கும் ஓடைக்கும் பஞ்சமில்லாத நோட்டன் பிரிட்ஜிலே கடல்நீர் மீன்தொட்டி வைக்கும் அன்பர்கள் துணிச்சற்காரர்கள்தாம். கடல் மலையேறி வராது; உப்பை விலைகொடுத்து வாங்கிக் கரைக்க வேண்டும். அவ்வாறு அமைத்த சிறு தொட்டியிற் பாசி கண்டதும் மனமொடிந்து மருந்தை ஊற்றிவிடலாகாது. முதலில் அது இன்னதென அறிதல் வேண்டும்.

புதுத் தொட்டியின் மணலிலும் கண்ணாடியிலும் கபில நிறத் தூளாகப் படிவது தயற்றம் என்னும் நுண்பாசி. நீரிலுள்ள சிலிக்கேற்றுக் குறையவே, சில வாரங்களில் பெரும்பாலும் தானே மறையும். ஏடாக உரிந்துவரும் செந்நிற வழுக்கற் படலமோ உண்மையிற் பாசியன்று. சயனோபற்றீரியா என்னும் நுண்ணுயிர். நீரோட்டம் மந்தமான மூலைகளையே அது நாடும்.

பச்சை மயிர்ப்பாசிதான் பிடிவாதக்காரன்! நைத்திரேற்றும் பொசுபேற்றும் அதன் ஆகாரம். மிகையாக நாம் இடும் மீனுணவிலிருந்து அவை சேரும். உப்புக் கரைக்கவும், ஆவியான நீரை ஈடுசெய்யவும் ஓடைநீரை மொண்டு ஊற்றினால், தேயிலைக்கிட்ட உரமும் மழையோடு கலந்து வந்திருக்கக் கூடும். பளிங்குபோல் தெளிந்திருக்கிறதே என்பீர்கள். கரைந்த உரம் கண்ணுக்குத் தெரியுமா? கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. காய்ச்சி வடித்த நீரே நன்று.

பாசியைக் கையாற் பிடுங்குங்கள். விளக்கை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துடன் அணைத்து, வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றுங்கள். செப்புக் கலந்த மருந்து மட்டும் வேண்டாம். நத்தையையும் இறாலையும் அது கொன்றுவிடும். பாசியை மேயும் நத்தைகள் போனபின் யாரை நம்புவது?