ரேகை அட்டைக்குள்ளேயே இருக்கட்டும்

நாம் 'ஸ்மார்ட் கார்டு' என்று வாய் நிறையச் சொல்லும் குடும்ப அட்டையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். குடும்பத் தலைவரின் படம், பெயர், முகவரி, ஒரு க்யூ.ஆர். குறியீடு, அவ்வளவுதான். வங்கி அட்டையில் பொன்னிறமாக மின்னும் சில்லு அதில் கிடையாது. பழைய புத்தக அட்டைக்குப் பதிலாக 2017 ஏப்ரலில் வரத் தொடங்கிய இந்த அட்டைக்குத் தன்னைக் கையில் வைத்திருப்பவர் யாரென்று தெரியாது. அதைச் சொல்வதற்கென்று 2020 அக்டோபரில், 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தோடு கைரேகைக் கருவியும் கடைக்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், விரலை வைக்க வேண்டும். அந்த ரேகை செல்பேசிச் சிக்னலைப் பிடித்து ஆதார் ஆணையத்தின் மையக் கணினிக்குப் போய், 'பொருந்துகிறது' என்ற பதில் திரும்பி வந்தால்தான் பில் விழும்.

பதில் வராத நாட்களை ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்பது ஒன்று. 'உங்க ரேகை விழல' என்பது இன்னொன்று. முதலாவது எல்லாரையும் ஒன்றாகத் திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது குறிப்பிட்ட சிலரை மட்டும் மாதாமாதம் திருப்பி அனுப்புகிறது. அந்தச் சிலர் யாரென்று பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் நுனிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தோட்டின் எண்ணெய் அரித்து அரித்துத் தோல் உரிந்துபோயிருக்கும். சித்தாள் வேலை பார்ப்பவரின் விரலைச் சிமெண்ட்டின் காரம் தின்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பும், திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ரசாயனமும், மலைத்தோட்டத்தில் தேயிலைச் சாறும் அதே வேலையைச் செய்கின்றன. வயதானவர்களுக்கோ தோல் வறண்டு, மெலிந்து, ரேகையின் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆக, அரிசி மிகவும் தேவைப்படுகிற கைகளில்தான் கருவிக்கு ரேகை தெரிவதில்லை. உழைத்துத் தேய்ந்த விரலை ஓர் இயந்திரம் 'இது நீ இல்லை' என்று மறுப்பதை எந்த அரசும் சகித்துக்கொள்ளக் கூடாது.

இதற்காகக் கைரேகையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாக எல்லை தாண்டிப் போவதும், வராதவர் பெயரில் பில் போடப்பட்டு அவருடைய செல்பேசிக்குக் குறுஞ்செய்தி மட்டும் வந்து சேர்வதும் நாம் பார்க்காதவை அல்ல. அட்டை ஒருவரிடம் இருக்க, பொருள் இன்னொருவருக்குப் போவதைத் தடுக்க ஒரு பூட்டு வேண்டும். ரேகை நல்ல பூட்டுதான். ஆனால் அதன் சாவியைத் தொலைதூரக் கணினியில் வைத்துவிட்டோம். ரேகை அட்டையின் சில்லுக்குள் இருக்க வேண்டும். ஒப்பிடும் வேலை அந்த இடத்திலேயே நடந்து முடிய வேண்டும். ரேகை விழாதவருக்கு அன்றே பொருள் கிடைப்பது உரிமையாக வேண்டும். இதுவே இந்தத் தலையங்கத்தின் கோரிக்கை.

இது நடக்குமா என்று கேட்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். பிரிக்கப்படாத ஆந்திரத்தில் நூறு நாள் வேலைத் திட்டக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் கொடுக்க ஸ்மார்ட் கார்டு முறை கொண்டுவரப்பட்டது. ஊரிலேயே குடியிருக்கும், பெரும்பாலும் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் கையில் சிறு கருவியோடு வருவார். பயனாளி தன் அட்டையைக் கருவியில் செருகி, கருவி கேட்கும் விரலை வைப்பார். அட்டையில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ரேகையோடு கருவி அதை ஒப்பிடும். பொருந்தினால் பணம் கைக்கு வரும். அந்த நொடியில் வெளியூர்க் கணினி எதையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இதை 157 மண்டலங்களில், சுமார் 1.9 கோடி மக்கள் வாழும் பரப்பில் ஆராய்ந்தார்கள். எந்த மண்டலத்துக்கு அட்டை முதலில் போவது, எதற்குப் பின்னால் போவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்ததால் வித்தியாசத்தைத் துல்லியமாக அளக்க முடிந்தது. 2016இல் அமெரிக்கப் பொருளியல் இதழ் ஒன்றில் வெளியான முடிவுகளின்படி, கூலி வாங்கக் காத்திருக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, கூலித் திட்டத்தில் கசிவு சுமார் 41 சதவீதம் குறைந்தது. பயனாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பழைய முறையைவிட இதுவே மேல் என்றார்கள். இதில் நாம் அடிக்கோடிட விரும்பும் செய்தி வேறு. அட்டை பெறாதவருக்கும், ரேகை பொருந்தாதவருக்கும் பணம் நிறுத்தப்படவில்லை. பழைய வழியும் கூடவே திறந்திருந்தது. திருடும் வழி குறுகியது, வாங்கும் வழி அடைபடவில்லை.

அதே மூவர் பிறகு ஜார்க்கண்டுக்குப் போனார்கள். அங்கே அட்டை இல்லை, சில்லு இல்லை. ரேஷன் கடையில் ஆதார் எண்ணோடு இணைந்த ரேகைச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2020இல் வெளியான அந்த ஆய்வு, ரேகைச் சரிபார்ப்பு தானாகக் கசிவைக் குறைத்ததற்கு அளக்கத்தக்க சான்று இல்லை என்றது. பொருள் வாங்க ஆகும் சிரமம் கூடியது. ஆதாரை முன்பே இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பொருள் குறைந்தது, அவற்றில் ஒரு பகுதிக்கு ஒன்றுமே கிடைக்காமல் போனது. இரண்டு இடத்திலும் விரலும் ரேகையும் ஒன்றுதான். மாறியவை, ரேகை இருந்த இடமும், விழாவிட்டால் என்ன என்ற கேள்விக்கு அரசு வைத்திருந்த பதிலும்.

ஜார்க்கண்ட் என்றதும் 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் இறந்த 11 வயதுச் சிறுமியை நினைக்காமல் கடக்க முடியவில்லை. ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் ரேஷன் இல்லாத வீடு அது. பசியால் இறந்தாள் என்றார் தாய். நோயால் என்றது அரசு. காரணத்தில் வாதம் இருக்கலாம். அந்த வீட்டுக்கு ரேஷன் நின்றுபோயிருந்ததில் வாதம் இல்லை. அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாதென்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று.

தோல்வி எங்கோ ஒன்று இரண்டு என்பவர்களுக்கு அரசின் சொந்தத் தாளே பதில் சொல்கிறது. 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, சரிபார்ப்புத் தோல்வி பற்றிய மதிப்பீடுகளாக ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6, ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 என்று பதிவு செய்திருக்கிறது. ஐந்து சதவீதம் என்பது காதுக்குச் சிறிய எண்தான். தமிழ்நாட்டில் அட்டைகள் இரண்டு கோடிக்கு மேல். அதில் ஐந்து சதவீதம் என்றால் பத்து லட்சம் அடுப்புகள்.

பாதுகாப்புக் கணக்கிலும் அட்டையே மேல். ரேகை ரகசியமல்ல. டம்ளரிலும் கதவுப்பிடியிலும் அதை விட்டுவிட்டுத்தான் நடக்கிறோம். 2002இல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் சுதோமு மத்சுமோதோ, மிட்டாய் செய்யும் ஜெலட்டினில் போலி விரல் வார்த்து, சோதித்த பதினோரு ரேகைக் கருவிகளையும் ஏமாற்றிக் காட்டினார். 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் பிடிபட்ட சிம் கார்டு விற்பனையாளர் ஆய்வுக்கூடம் எதற்கும் போகவில்லை. பத்திரப்பதிவு இணையதளத்தில் இருந்த ஆவணங்களிலிருந்து பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்கிற முறையில் வார்த்துக்கொண்டார். அதை வைத்துப் பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கினார். பின்னாளில் இதே வித்தையால் பல மாநிலங்களில் ஆதார் வழி வங்கிச் சேவையில் ஏழைகளின் கணக்கிலிருந்து பணம் போனது. அந்தச் சேவைக்கு ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், ஒரு ரேகையும் போதும். எண்ணை நாம் நகல் கடையில் தொடங்கி நூறு இடத்தில் கொடுத்திருக்கிறோம். எனவே காவலுக்கு நின்றது ரேகை ஒன்றுதான், அதுவும் வார்த்தெடுக்கத் தக்கது. அட்டை இருந்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், ரப்பர் விரல் செய்தவன் வீடு புகுந்து அட்டையையும் திருடியிருக்க வேண்டும்.

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், அட்டை திருடு போனால் முடக்கிவிட்டு வேறு வாங்கலாம். விரல்கள் பத்துதான், அவற்றுக்கு மாற்று கிடையாது. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகக் கணினிகளிலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் களவு போனதாக அந்நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. ஒரே இடத்தில் குவித்துவைத்தால் ஒரே உடைப்பில் அத்தனையும் போகும். அட்டைக்குள் இருந்தால் ஓர் அட்டையில் ஒரு குடும்பத்தின் ரேகைதான். அதுவும் முழுப் படமாக இருக்கத் தேவையில்லை. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே கிளை பிரிகிறது என்ற புள்ளிக் கணக்கு போதும். அதைச் சில்லு வெளியே விடாமல் தனக்குள்ளேயே ஒப்பிட்டு 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொல்லும் தொழில்நுட்பம் வந்து வெகுகாலமாகிறது.

இது பணக்கார நாட்டுக் கனவும் அல்ல. மலேசியத் தமிழர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் மைகாட் அடையாள அட்டை 2001இலேயே வந்தது. அதன் சில்லில் இரு பெருவிரல்களின் ரேகைப் பதிவு உண்டு. நம் நாட்டிலேயே 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு 30 ரூபாய்ப் பதிவுக் கட்டணத்தில், 30,000 ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டோடு, ரேகை பதித்த சில்லு அட்டையைக் கொடுத்தது. முகாமிலேயே ரேகை எடுத்து, முகாமிலேயே அட்டை அச்சிட்டுக் கையில் தரும்படி அந்தத் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அதே வேலையை இன்று தமிழ்நாட்டுக்குச் செய்யத் தெரியாதென்று சொன்னால் நம்ப மாட்டோம்.

செலவு ஆகும் என்பார்கள். ஆகும்தான். அட்டை காணாமல் போகும், சில்லு பழுதாகும் என்பார்கள். அதற்கு இ-சேவை மையத்தில் மாற்று அட்டை தரும் ஏற்பாடு வேண்டும். வேறு ஊரில் வேலை பார்ப்பவர் அங்கே எப்படி வாங்குவார் என்ற கேள்வி முக்கியமானது. அட்டை அவரோடுதான் போகிறது. எந்தக் கடையில் செருகினாலும் அது அவரைச் சொல்லும். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற ஒதுக்கீட்டுக் கணக்கு மையக் கணினிக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அது சிக்னல் கிடைக்கும்போது போனால் போதும். ரேகை போக வேண்டியதே இல்லை. ஆதார் சட்டம் தன் கிடங்கில் உள்ள ரேகையை யாருக்கும் கொடுக்கத் தடை விதிக்கிறது. நல்ல தடை அது. எனவே அட்டைக்கான ரேகையைப் புதிதாக, சம்மதத்தோடு எடுத்து, சில்லில் எழுதியதும் எடுத்த கருவியிலிருந்து அழித்துவிட வேண்டும். அழிக்கப்பட்டதைத் தணிக்கை செய்யவும் ஆள் வேண்டும்.

எந்தப் பூட்டும் எல்லாத் திருட்டையும் தடுக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உரிய ஆள் வந்து, உரிய விரலை வைத்து, 20 கிலோவுக்குப் பில் போட்டு, பையில் 18 கிலோ விழுந்தால் ரேகை என்ன செய்யும்? தராசைப் பார்க்க ஆள் வேண்டும். கடையில் இருப்புப் பலகை நேர்மையாக எழுதப்பட வேண்டும். ரேகைக் கருவி வந்துவிட்டதென்று ஆய்வாளர்கள் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

ரேகை விழாவிட்டாலும் பொருள் உண்டு என்று தமிழ்நாட்டு அரசு சொல்லியிருப்பதையும், கருவிழிக் கருவிகள் கடைகளுக்கு வந்ததையும், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகளின் வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதையும் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் நாற்பத்தைந்து வயதில் முந்திரி உடைக்கும் பெண் முதியவரும் இல்லை, மாற்றுத்திறனாளியும் இல்லை. அவர் விரலும் விழவில்லை. அவருக்குப் பொருள் கிடைப்பது இன்றைக்கு விற்பனையாளரின் மனசைப் பொறுத்தது. விற்பனையாளருக்கோ, ரேகை இல்லாமல் கொடுத்தால் நாளைக்குத் தன்னைக் கேட்பார்களோ என்ற பயம். இருவரையும் இந்த நிலையில் நிறுத்தியிருப்பது சரியல்ல.

2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், மானியங்களுக்கு ஆதாரைக் கேட்பது செல்லும் என்றபோதும், சரிபார்ப்பு தோற்றதால் உரியவருக்குப் பலன் மறுக்கப்படக் கூடாது என்பதையும் வலியுறுத்தினார்கள். அதைக் கடையளவில் கொண்டுவர ஓர் அரசாணை போதும். மூன்று முறை விரல் வைத்தும் ரேகை விழாதவருக்கு, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு அன்றே பொருள் தர வேண்டும். அப்படிக் கொடுத்த விற்பனையாளரைக் கேள்வி கேட்கக் கூடாது. இந்த ஆணை ஒவ்வொரு கடையின் இருப்புப் பலகைக்குப் பக்கத்திலும் எழுதி வைக்கப்பட வேண்டும். சில்லு அட்டைக்கு நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, ரேகை எடுத்து முடிக்க ஆண்டுகள் பிடிக்கும். இந்த ஆணைக்கு ஒரு நாள் போதும். உணவுத்துறை அமைச்சர் அடுத்த மாத ஒதுக்கீடு கடைகளுக்கு வந்து இறங்குவதற்குள் அதில் கையெழுத்திட வேண்டும்.