வீடு நம்மளது, தெரு யாரோடது?

பி.காம். படிக்கிற பையனுக்கு வீடு கட்டுறதைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்கு தான் :)

எங்க திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் ஊரை ஒட்டின கரிசல் காடுகள்ல கல் ஊன்றி மனை போடுறதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். சாதாரணமா கடைக்கால் போட்டா சுவர்ல விரிசல் விழும். அதனால கொத்தனார் கரிசலைத் தோண்டி எடுத்துட்டு சரள் நிரப்பச் சொல்வார், காலம் எழுப்பி பெல்ட் போடச் சொல்வார். செலவு கூடினாலும் கடனை வாங்கியாவது செய்றோம். சரி தான்.

ஆனா இந்தக் கவனம் எல்லாம் காம்பவுண்டுக்குள்ளயே நின்னு போகுது. ஒருத்தர் தெருவை விட 2 அடி உசரத்துல பேஸ்மட்டம் போடுறார். அடுத்து வர்றவர் 3 அடி. பழைய ரோட்டைச் சுரண்டாம அதுக்கு மேலயே புது ரோடும் போட்டுட்டா தெருவும் ஏறிடுது. வாறுகால் இல்லை. கரிசல்ல தண்ணி சீக்கிரம் கீழ இறங்காது. அப்போ தண்ணி எங்க போகும்? முதல்ல வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துல தைரியமா வீடு கட்டினாரே, அவர் வீட்டுக்குள்ள!

கணக்குப் பாடத்துல நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, கட்டடத்துக்குத் தான் உண்டுன்னு படிக்கிறோம். வாசல்ல சாக்கடை தேங்கி நிக்கிற வீட்டை விக்கப் போய்ப் பாருங்க, நிலத்துக்கும் தேய்மானம் உண்டுன்னு தெரியும்.

சட்டம் இல்லாம இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2017ல அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்துச்சு. 2016 அக்டோபர் 20க்கு முன்னால போட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம்னு ஆச்சு. 'அங்கீகாரம் பார்த்து வாங்க வேண்டியது தானே'ன்னு சுலபமா சொல்லிடலாம். தீப்பெட்டி ஆபீஸ் வேலையில சிறுகச் சிறுக சேர்த்தவங்களுக்கு 3 சென்ட் மலிவா கிடைச்சா அதைத் தான் வாங்க முடியும். அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை.

என் கேள்வி வேற. வரன்முறைக்குக் கட்டுற பணத்துல வளர்ச்சிக் கட்டணமும் சேர்த்தி. அது அந்தந்தத் தெருவுக்கே வாறுகாலா திரும்பி வரணும். வராட்டி மக்களுக்குக் கிடைக்கிறது ஒரு காகிதம் மட்டும் தான். புதுசா மனை போடுறவங்க விஷயத்துலயும், வாறுகால் கட்டி முடிச்சு, தண்ணி எந்த ஓடைக்கோ கண்மாய்க்கோ போகுதுன்னு காட்டின பிறகு தான் விக்க விடணும்.

அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வானம் தோண்டுறதுக்கு முன்னால தெருக்காரங்க சேர்ந்து ஒரே மட்டத்தைக் குறிச்சுக்கலாம். அதே மட்டத்தை வச்சுப் பேரூராட்சியில சேர்ந்தே மனு கொடுக்கலாம். பால்காய்ப்புக்கு ஊரையே கூப்பிடுற நாம, பேஸ்மட்டம் போடுறதுக்கு முன்னால பக்கத்து வீட்டு அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?