அண்ணாந்து பார்ப்போருக்கு

போலகம் முதலான காரைக்கால் வட்டாரச் சிற்றூர்களுக்குப் பாரிஸ் தொலைவான ஊரன்று. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண் இது; இங்கிருந்து சென்ற குடும்பங்கள் பல அங்கே வேரூன்றியுள்ளன. பிள்ளைகளைக் காணச் செல்லும் பெரியோர், லா ஷப்பேல் பகுதியில் 1985 முதல் விளங்கும் மாணிக்க விநாயகரைத் தரிசிக்கத் தவறுவதில்லை. மற்ற இடங்களைப் பேருந்துக் கண்ணாடி வழியே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அந்நகரமோ, நடந்து சென்று அண்ணாந்து பார்ப்பவருக்கே தன்னைக் காட்டும்.

1163-இல் பணி தொடங்கிய நோத்ர்தாம் பேராலயத்தின் முகப்பில், மூன்று வாயில்களுக்கும் மேலே 28 அரசர்களின் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. விவிலியம் கூறும் யூதேயா நாட்டு அரசர்கள் அவர்கள். பிரெஞ்சு மன்னர்கள் என்று தவறாக எண்ணிய புரட்சிக்காரர்கள், 1793-இல் அவர்களின் தலைகளைத் துண்டித்தனர். இன்று காண்பவை 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செய்து வைத்தவை. பழைய தலைகளில் 21, 1977-இல் ஒரு வங்கிக் கட்டடத்தில் வேலைக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டன. வங்கிகள் காப்பது பணத்தை மட்டுமன்று போலும்! க்ளூனி அருங்காட்சியகத்தில் உள்ள அவற்றில் பழைய வண்ணத்தின் சுவடு இன்னும் ஒட்டியிருக்கிறது.

அப்பேராலயத்தின் கூரை விளிம்பில் வாய் பிளந்து நீளும் விலங்குருவங்களைப் பலர் வெறும் அலங்காரம் என்று எண்ணுவர். மழைநீர் சுவரில் வழிந்து கல்லை அரிக்காதபடி அப்பால் உமிழும் தாரைகள் அவை. அபிஷேக நீரை வெளியேற்றும் நம் கோமுகியை அறிந்தவருக்கு இது உடனே விளங்க வேண்டும். ஆனால் சண்டிகேசுவரர் முன் நின்று கைதட்டும் அன்பர்களில் எத்தனை பேர், முதுகுக்குப் பின்னால் உள்ள அந்தக் கோமுகியின் வேலைப்பாட்டைத் திரும்பிப் பார்த்திருக்கின்றனர்?

இது சிறிய குறையன்று. திருப்பணி என்ற பெயரில் கருங்கல்லின்மீது எண்ணெய் வண்ணம் பூசுகின்றனர். அதிட்டானத்தை மறைத்துத் தரையை உயர்த்துகின்றனர். சில இடங்களில் மணலை வேகமாக வீசியடித்துக் கல்லைத் தூய்மை செய்கின்றனர். அவ்வாறு மழுங்கிய கல்வெட்டு எழுத்து மீண்டும் வாராது. நாற்பது ஆண்டுகள் வலம் வந்தவர்க்கே அங்கு என்ன இருந்தது என்று சொல்லத் தெரியாவிடில், ஒப்பந்தக்காரரைத் தடுத்துக் கேட்பவர் யார்?

பாரிஸில் படமெடுத்த அதே கைபேசி போதும். நிர்வாகத்தாரிடம் அனுமதி பெற்று, கோஷ்டங்களையும் கல்வெட்டுகளையும் அடுத்த திருப்பணிக்கு முன்பே படமெடுத்து வைக்கலாம். வெயில் சுவரின்மேல் சாய்வாகப் படியும் காலையோ மாலையோ ஏற்றது. நண்பகலில் கண்ணுக்குத் தப்பும் எழுத்தும் அப்போது நிழல் விழுந்து தெளியும்.