ஜாதகமும் முன்யோசனையும்

வியாபாரத்தில் ஒருவர் முன்னுக்கு வந்துவிட்டால், அவருடைய ஜாதகம் அப்படி என்று சொல்லிவிட்டு நாம் வெற்றிலை போடப் போய்விடுகிறோம். ராஜபாளையத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் ஜாதகத்துக்கு அதில் அதிக வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்துக் கரிசல் பூமியில் விளைந்த பருத்தி வெகுகாலம் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிக் கொண்டிருந்தது. 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை வந்தது. ரயிலைக் கண்டால் சரக்கை வெளியே அனுப்பத்தான் எவருக்கும் தோன்றும். பஞ்சை உள்ளூரிலேயே நூலாக்கி அனுப்பலாம் என்று துணிந்தவர் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் பிறந்தது.

இதற்காவது கோயம்புத்தூரும் மதுரையும் வழிகாட்டியிருந்தன. அடுத்த காரியந்தான் வியப்புக்குரியது. 1956-ல் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. அணை, பாலம், பள்ளிக்கூடம் என்று தேசமெங்கும் கட்டட வேலை. நூல் வியாபாரி ஒருவர் இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு மடித்து வைத்திருக்கலாம். ராமசாமி ராஜாவோ 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியை ஏற்படுத்தினார். சுண்ணாம்புக்கல் தம் ஜில்லாவிலேயே, பந்தல்குடிப் பக்கம் கிடந்தது. ஆனால் விருதுநகருக்கு அருகே ஆலை எழுந்து சிமெண்டு வெளிவர 1960-களின் தொடக்கம் ஆகிவிட்டது. அதுவரையில் விற்பதற்கு ஒரு மூட்டையும் கிடையாது. வட்டியும் கூலியும் மட்டும் காத்திருக்கமாட்டா. 1962-ல் அவர் காலமானார். பாரம் இருபத்தேழு வயதுக் குமாரர் ஸ்ரீ ராமசுப்பிரமணிய ராஜாவின் தோளில் விழுந்தது. இன்று அந்தக் கம்பெனிக்கு ராம்கோ என்று பெயர்.

முன்யோசனை பெரிய முதலாளிகளின் தனிச்சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். ஏழெட்டு மைல் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்காரரைப் பாருங்கள். பால் சாயங்காலம் வரையில் பொறுக்காது. கோவாவும் சில நாளைக்குத்தான். ஆடிப்பூரத் தேருக்கு எத்தனை ஜனம் வரும், எத்தனை படி பால் சுண்டவேண்டும் என்று அவர் முன்னதாகவே தீர்மானிக்கிறார். குறைந்தால் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள், மிஞ்சினால் நஷ்டம். இந்தக் கணக்கை எங்கள் வகுப்புகளில் நாங்கள் கற்பிப்பதில்லை.

தேர் நிலைக்கு வந்த மறுநாளே அவருடைய மதிப்பு சரியா தப்பா என்பது தட்டிலே தெரிந்துவிடும். ஆலைக்காரருக்கு அது தெரியப் பத்து வருஷமாகலாம். தப்பாயிருந்தால் முதலாளிக்குப் பங்கு விலை இறங்கும்; ஆலைச் சங்கை நம்பி உலை வைக்கிற வீட்டில் அடுப்பே எரியாது.