பத்து சென்ட் பூமியும் ஒரு பெண் வக்கீலும்

நமது தேசத்தின் ராஜீய வாழ்வில் வக்கீல்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. கோர்ட்டில் கட்சிக்காரருக்காக வாதாடியவர்கள் பிற்பாடு தேசத்துக்காக வாதாட முன்வந்தது சுதந்திர சரித்திரத்தில் ஒரு பெரிய அத்தியாயம். மகாத்மா காந்தி, மோதிலால் நேரு, சித்தரஞ்சன் தாஸ், வல்லபபாய் படேல், ராஜாஜி என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இந்த ஜாபிதாவில் ஸ்திரீகளின் பெயர்கள் எத்தனை என்று யாராவது கேட்டால் நாம் சற்றுத் தயங்கவே நேரும். காரணம் வெகு சாதாரணமானது. பெண் என்பதற்காக ஒருவரை வக்கீல் தொழிலிலிருந்து விலக்கி வைக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் வந்ததே 1923-ம் வருஷத்தில்தான். கதவு திறந்து அதிக காலமாகாத வீட்டில் கூட்டத்தை எதிர்பார்க்க முடியுமா?

திறந்த கதவின் வழியே நுழைந்து, கோர்ட்டிலிருந்து சட்டசபைக்குச் சென்று, சட்டத்தை வாதிப்பதோடு நில்லாமல் அதை எழுதவும் செய்த ஒரு பெண்மணியைப் பற்றி இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் கேரளத்தின் ஸ்ரீமதி கே. ஆர். கௌரியம்மா.

1919-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி, சேர்த்தலைத் தாலுகாவிலுள்ள பட்டணக்காடு கிராமத்தில் ஓர் ஈழவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அக்காலத்துத் திருவாங்கூரில் ஈழவருக்குக் கோவிலும் இல்லை. கோவிலைச் சுற்றிய தெருவும் இல்லை. வேம்பநாட்டு ஏரிக்கு அக்கரையிலுள்ள வைக்கத்தில் அந்தத் தெருவுக்காகவே 1924-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. நமது ஈரோட்டிலிருந்து ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி அங்கே சென்று சிறைப்பட்டதைத் தமிழ் மக்கள் அறிவார்கள். அப்பொழுது கௌரிக்கு ஐந்து வயது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியான 1936-ல் அவருக்குப் பதினேழு வயது. தெருவில் நடக்கும் உரிமை எதுவென்று ஏட்டில் படிக்குமுன்பே ஊரில் பார்த்து வளர்ந்த பெண் அவர்.

கல்லூரிப் படிப்பை எர்ணாகுளத்தில் முடித்துக்கொண்டு அவர் சட்டம் படித்தார். ஈழவ சமூகத்தில் சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். திருவாங்கூரில் பெண்களுக்கு அந்த வழி முற்றிலும் புதிதன்று. ஸ்ரீமதி அன்னா சாண்டி அங்கே 1937-லேயே முன்சீபாக நியமனம் பெற்றிருந்தார். கௌரியம்மாவும் அந்த மாதிரி உத்தியோகத்தை நாடியிருக்கலாம். அவரோ சேர்த்தலையில் வக்கீல் தொழில் நடத்திக்கொண்டே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், சிறைக்கும் போனார். சேர்த்தலை எப்படிப்பட்ட ஊர் என்பதை நினைவில் வைத்தால் இது விளங்கும். கயிற்றுத் தொழிலாளரும் குத்தகைக் குடிகளும் நிறைந்த பிரதேசம் அது. 1946 அக்டோபரில் திவான் ஸர் சி. பி. ராமசாமி ஐயரின் பட்டாளம் தொழிலாளரைச் சுட்டு வீழ்த்திய வயலார், பட்டணக்காட்டுக்குப் பக்கத்து ஊர்.

1952-லும் 1954-லும் திருவாங்கூர்–கொச்சி சட்டசபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956 நவம்பர் முதல் தேதி கேரள ராஜ்யம் பிறந்தது. 1957 ஏப்ரல் 5-ந் தேதி ஸ்ரீ ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் தலைமையில் பதினொரு மந்திரிகள் பதவி ஏற்றார்கள். அவர்களில் பெண் ஒருவரே. முப்பத்தேழு வயதான அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது அலங்கார இலாகா அன்று. நிலத்தைப் பற்றிய வருவாய் இலாகா.

கேரளத்தில் நிலம் என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். நமது தஞ்சை ஜில்லாவில் மிராசுதார் என்றால் அங்கே ஜன்மி. ஜன்மியிடமிருந்து காணக்காரர், அவரிடமிருந்து வெறும்பாட்டக்காரர் என்று படிப்படியாக நிலம் இறங்கி வரும். இறங்க இறங்கச் சுமை ஏறும். குத்தகைகள் பெரும்பாலும் வாய்மொழி. எழுத்து இல்லை, எழுத்து இருந்தாலும் அது ஜன்மியின் பெட்டியில். இவர்கள் எல்லோருக்கும் கீழே குடிகிடப்புக்காரர்கள். பிறர் நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசை கட்டிக்கொண்டு, அந்நிலத்திலேயே கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். ஜன்மிக்குக் கோபம் வந்தால் குடிசை போயிற்று.

இப்படிப்பட்ட நிலையில் குடிகளுக்கு அநுகூலமாகச் சட்டம் செய்யப்போவதாக ஒரு சர்க்கார் அறிவித்தால் என்ன நடக்கும்? மசோதா சட்டசபையில் விவாதத்தில் இருக்கும்பொழுதே நிலச்சொந்தக்காரர் குடிகளை வெளியேற்றிவிடுவார். சட்டம் அமுலுக்கு வரும் நாளில் அதனால் நன்மை பெறுவதற்குக் குடியே இருக்கமாட்டான்! ஆகவேதான் பதவி ஏற்ற ஆறாவது நாளாகிய ஏப்ரல் 11-ந் தேதி, எல்லா வெளியேற்றங்களையும் நிறுத்தி வைக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. மேடைப் பேச்சாளர் முதலில் மசோதாவைக் கொண்டுவந்திருப்பார். கோர்ட்டில் தடை உத்தரவின் மகிமையை அறிந்தவரோ முதலில் தடையைத்தான் வாங்குவார். வக்கீல் படிப்பு மந்திரி உத்தியோகத்துக்கு எவ்விதம் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் நமக்குத் தெரியவில்லை.

அதே வருஷம் டிசம்பரில் விவசாய உறவு மசோதாவைக் கௌரியம்மா சபையில் கொண்டுவந்தார். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இருபோக நிலம் 15 ஏக்கருக்கு மேல் கூடாது. குடி தான் உழுகிற நிலத்தை விலை கொடுத்துத் தனதாக்கிக்கொள்ளலாம் என்பன அதன் முக்கிய அம்சங்கள். ஷரத்து ஷரத்தாக விவாதம் நடந்து, 1959 ஜூனில் அது நிறைவேறியது. அதற்குள் கல்விச் சட்டத்தினாலும் இந்த மசோதாவினாலும் மூண்ட விமோசனப் போராட்டம் ராஜ்யம் முழுவதையும் கலக்கிவிட்டது. ஜூலை 31-ந் தேதி ஜனாதிபதியின் உத்தரவால் மந்திரிசபை கலைக்கப்பட்டது.

பிறகு அந்தச் சட்டம் பட்ட பாடு ஒரு நீண்ட வழக்கைப் போன்றது. திருத்தங்களோடு மறுபடியும் நிறைவேறி 1961-ல் ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது. அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், முன்பு சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த காசர்கோடு பகுதியின் ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்து அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1963-ல் வேறொரு சட்டம் வந்தது. குடிகளுக்கு அது போதவில்லை. 1967-ல் மீண்டும் வருவாய் மந்திரியான கௌரியம்மா 1969-ல் அதைத் திருத்தும் மசோதாவை நிறைவேற்றினார். அது நிறைவேறிய சில தினங்களில் அந்த மந்திரிசபையும் வீழ்ந்தது! ஸ்ரீ அச்சுத மேனோனின் மந்திரிசபை 1970 ஜனவரி முதல் தேதி அதை அமுல் செய்தது. அன்றோடு ஜன்மியின் உரிமை சர்க்காரைச் சேர்ந்தது. குத்தகை முறை முடிந்தது. குடிகிடப்புக்காரர் கிராமப் பஞ்சாயத்தில் பத்து சென்ட், சிறு நகரத்தில் ஐந்து சென்ட், பெரு நகரத்தில் மூன்று சென்ட் பூமியை விலைக்கு வாங்கிக்கொள்ளும் பாத்தியதை பெற்றார். இதே கேரள நிலச் சட்டங்களை ஆட்சேபித்துக் காசர்கோட்டு மடாதிபதி தொடுத்ததுதான், 1973-ல் தீர்ப்பான பிரசித்தமான கேசவானந்த பாரதி வழக்கு. அரசியல் சாசனத்தின் அடிப்படை அமைப்பைப் பார்லிமெண்டும் மாற்ற முடியாது என்று தேசத்துக்கே சொன்ன தீர்ப்பு அது.

இவ்வளவும் சொன்ன பிறகு குறையையும் சொல்லாவிட்டால் நாம் நமது கடமையில் தவறியவராவோம். நிலம் குத்தகைக்காரருக்குக் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற கூலியாளுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கூலியாட்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். குத்தகைப் பாத்தியதையே அவர்களுக்கு இல்லாதபடியால் குடிசை மனையோடு அவர்கள் பங்கு முடிந்தது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்கள் உச்சவரம்புக்கு வெளியே நின்றன. பத்து சென்ட் என்பது பெரிய காரியமா, சிறிய காரியமா? வயிற்றுக்கு அது போதாது என்பது உண்மை. ஆனால் எஜமானன் கோபித்தாலும் இன்றிரவு படுக்க இடமுண்டு என்று அறிந்த மனிதன், கூலியை உயர்த்திக் கேட்பதற்குக் குரலை உயர்த்த முடியும். அந்தக் குரலின் விலை பத்து சென்டின் விலையைவிடப் பெரிது என்பது நமது அபிப்பிராயம்.

அவருடைய சொந்த வாழ்க்கையையும் ராஜீயம் விட்டுவைக்கவில்லை. 1957-ல், அதே மந்திரிசபையில் தொழிலாளர் மந்திரியாயிருந்த ஸ்ரீ டி. வி. தாமஸை அவர் மணந்தார். 1964-ல் கட்சி இரண்டானபோது கணவர் ஒரு பக்கமும் மனைவி மறு பக்கமும் நின்றார்கள். 1967-ல் இருவரும் மறுபடி ஒரே மந்திரிசபையில் அமர்ந்தார்கள்; ஆனால் இரு வேறு கட்சிகளின் பிரதிநிதிகளாக. இல்லறம் அந்தப் பிளவைத் தாங்கவில்லை.

1987 தேர்தலில், வெற்றி பெற்றால் கௌரியம்மாவே முதல் மந்திரி என்ற பேச்சு ஊரெங்கும் கோஷமாக ஒலித்தது. வெற்றி வந்தது, முதல் மந்திரியானவர் ஸ்ரீ ஈ. கே. நாயனார். கௌரியம்மா கைத்தொழில் மந்திரியானார். 1990-ல் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் தோன்றியது அவருடைய காலத்தில்தான். 1994-ல் கட்சி அவரை விலக்கிவிட்டது. எழுபத்து நான்கு வயதில் மனிதர்கள் ஈஸிசேரைத் தேடுவார்கள். அவரோ ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதி என்ற புதுக் கட்சியை ஸ்தாபித்தார். 2001 முதல் 2006 வரை, தமது ஆயுளில் பெரும்பகுதி எதிர்த்து வந்த காங்கிரஸின் தலைமையிலான மந்திரிசபைகளில் மந்திரியாக இருந்தார். இது கொள்கைக்குப் பொருந்துமா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் 1996-ல் நடந்ததையும் பார்க்கவேண்டும். ஆதிவாசிகள் இழந்த நிலத்தை அவர்களுக்கு மீட்டுக் கொடுக்க 1975-ல் ஒரு சட்டம் செய்யப்பட்டிருந்தது. இருபது வருஷங்கள் அது தூங்கிற்று. கோர்ட் அதை எழுப்பியவுடன், அதன் பல்லைப் பிடுங்கும் திருத்தமொன்று சபைக்கு வந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் அதை ஆதரித்தன. நூற்று நாற்பது பேர் கொண்ட அந்தச் சபையில் எதிர்த்து நின்றவர் ஒருவரே. 1957-ல் குடிகளுக்காகத் தடை உத்தரவு வாங்கிய அதே பெண்மணிதான் அவர். திருத்தத்துக்கு ஜனாதிபதியின் சம்மதம் கிட்டவில்லை. 1999-ல் சர்க்கார் வேறு சட்டம் செய்துகொண்டது.

2021 மே 11-ந் தேதி, நூற்றிரண்டாவது வயதில், கௌரியம்மா திருவனந்தபுரத்தில் காலமானார். ஆறு மந்திரிசபைகளில் இடம் பெற்றவர் அவர். அவர் கண் மூடும் வரையில் கேரளம் ஒரு பெண் முதல் மந்திரியைக் கண்டதில்லை. எழுத்தறிவில் தேசத்துக்கே வழிகாட்டிய ராஜ்யத்துக்கு இது பெருமையல்ல.

சட்டக் கல்லூரிகளில் இன்று நமது பெண்கள் திரளாகப் படிக்கிறார்கள். நல்ல வக்கீல்களாக, நீதிபதிகளாக அவர்கள் வருவார்கள், வரட்டும். அவர்களில் சிலராவது சட்டம் எழுதப்படும் இடத்துக்கும் போகவேண்டும் என்பது நமது ஆசை. கோர்ட்டில் ஜயித்தால் ஒரு கட்சிக்காரருக்கு நியாயம் கிடைக்கும். ஒரு ஷரத்தைச் சரியாக எழுதினால், எழுதியவரின் பெயரையே அறியாத லட்சக்கணக்கான குடும்பங்கள் தங்கள் சொந்த மனையில் நிம்மதியாகத் தூங்கும்.