சாமிப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?

கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை வரும் பேருந்து. பூ மூட்டைகளுக்கு நடுவே ஓர் அம்மா, இரண்டு மகள்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் மூத்தவளைப் பார்த்து, “எத்தனாவது படிக்கிறே தாயீ?” என்றார். இளையவளிடம் அப்படிக் கேட்கவில்லை. அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். கையில் பத்து ரூபாயைத் திணித்தார். “இது சாமிப் பிள்ளை ஆத்தா, ஒனக்கு ஒரு கொறையும் வராது” என்றார். அந்தப் பெண்ணோ இருக்கைக்கு மேலே ‘மகளிர்’ என்று எழுதியிருந்ததை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

பெரியவர் நல்லவர், சந்தேகமே இல்லை. அவர் சொன்ன வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

‘லூசு’, ‘மந்தம்’ என்று திட்டுகிறவர்களை எதிர்ப்பது சுலபம். அது கொடுமை என்று திட்டுகிறவனுக்கே தெரியும். ‘தெய்வக் குழந்தை’ அப்படியில்லை. பாராட்டுப் போல வந்து, பள்ளிக்கூட வாசலை மெல்லச் சாத்திவிட்டுப் போகிற சொல் அது. சாமிக்கு ஸ்லேட்டு எதற்கு? சாமிக்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு? வேளாவேளைக்குச் சோறு ஊட்டி, பவுடர் பூசி, டிவிக்கு முன்னால் உட்கார வைத்தால் பூசை முடிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சொல் எத்தனையோ அம்மாக்களைக் காப்பாற்றியிருக்கிறது. கிரகணத்தில் வெளியே போனாய், சொந்தத்தில் கட்டினாய், உன் வம்சத்தில் ஏதோ பாவம் என்று மாமியார் வீடே விரல் நீட்டும்போது ‘சாமி கொடுத்தது’ என்பது அவளுக்கு ஒரு கேடயம். ஆனால் கேடயம் வேண்டுமென்றால் உண்மையே போதுமானது. 21-ஆவது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது. பாரிஸில் ழெரோம் லெழேனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை 1959-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் கரு உருவாகும் முன்பே, உயிரணுப் பிரிவில் தற்செயலாக நேர்வது இது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது. ஆனாலும் இருபத்திரண்டு வயதுத் தாய்க்கும் நேரும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. மாமன் மகனைக் கட்டியதும் இதற்குக் காரணமில்லை. மாமன் மகனைக் கட்டுவதில் வேறு ஆபத்துகள் உண்டு, அது வேறு கட்டுரை.

‘அது படிக்காது’ என்பதற்கு வருவோம். இப்படிச் சொல்கிறவர்கள் எப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: “அ சொல்லு, ஆ சொல்லு.” ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் கூட்டாகத் திருப்பிச் சொல்ல, நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிற முறை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைத் தோற்கடிக்கவே வடிவமைத்தது போன்ற முறை இது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் காது மந்தம் இருக்கிறது. நடுக்காதில் நீர் கட்டுவது மிகச் சாதாரணம். நாக்கும் உதடும் தளர்ந்த தசைகள், சொல் வாயில் உருவாக நேரமாகும். காதால் கேட்டதைச் சில நொடி மனதில் வைத்திருக்கும் திறன் குறைவு. இதற்கு நேர்மாறாக, கண்ணால் பார்த்ததைப் பிடித்துவைக்கும் திறன் அவர்களிடம் அதைவிட நன்றாக இருக்கிறது. பலவீனமான வாசலில் நின்று தட்டிவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்பி வருகிறோம்.

இங்கிலாந்தில் லெஸ்லி டஃபன் என்ற தகப்பனார் தன் மகள் சாராவுக்கு மூன்று வயதிலிருந்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். சாராவுக்கு டவுன் சிண்ட்ரோம். போர்ட்ஸ்மத்தில் இருந்த உளவியலாளர் சூ பக்லிக்கு அவர் அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1980 வாக்கில் அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கியது ஆராய்ச்சி. அதில் வந்த முறை எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. எழுத்தில் தொடங்காதீர்கள், சொல்லில் தொடங்குங்கள். குழந்தைக்கு ஏற்கனவே பொருள் தெரிந்த சொல்: அம்மா, தோசை, பந்து, நாய். அட்டையில் பெரிதாக எழுதி, ஒரே மாதிரி இரண்டு அட்டைகளை முதலில் பொருத்தச் சொல்லுங்கள். அடுத்து, “தோசை எங்கே, எடு” என்று எடுக்கச் சொல்லுங்கள். கடைசியில்தான் வாயால் சொல்ல வேண்டும். வரிசை முக்கியம். பேச்சு வந்தால்தான் படிப்பு என்று நாம் காத்திருக்கிறோம். இங்கே படிப்புதான் பேச்சைக் கூட்டிக்கொண்டு வருகிறது. சொற்கள் கைவசமான பிறகு அவற்றை உடைத்து எழுத்துக்குப் போகலாம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்க வேண்டுமே. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இந்த மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்தது. கல்லுடைக்கும் பெண்ணுக்கு ‘அ’வன்னாவில் ஆரம்பித்தா எழுத்துச் சொல்லிக்கொடுத்தோம்? அவள் வாழ்க்கையில் கனக்கிற சொல்லில் ஆரம்பித்தோம். ‘பட்டா’ என்ற சொல் தொடக்கப் பாடத்திலேயே வந்தது. முழுச் சொல்லைக் காட்டி, அதைப் பற்றிப் பேசி, பிறகு பிரித்து எழுத்துக்குப் போனோம். “கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான வயசுல இவளுகளுக்குப் படிப்பா?” என்று கேலி செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். படிக்காது என்று முடிவு கட்டப்பட்டவர்களுக்குச் சொல்லில் தொடங்கிச் சொல்லிக்கொடுத்த மாவட்டம் இது. முறை கைவசம் இருந்தும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் அதைக் கொண்டுபோகவில்லை.

எல்லாக் குழந்தையும் ஒரே அளவுக்குப் படித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினின் பப்லோ பினேதா பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். இன்னொரு பிள்ளை பேருந்துப் பலகையும் மாத்திரை அட்டையும் படிக்கிற அளவோடு நிற்கலாம். நிற்கட்டும். மாத்திரை அட்டை படிக்கத் தெரிவது சின்ன விஷயமா?

‘எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கும்’ என்பது ‘சாமிப் பிள்ளை’ நம்பிக்கையின் இன்னொரு பாட்டு. இது உயிருக்கே உலை வைக்கும். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. தைராய்டு குறைவது சகஜம். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு அடைபடும், மனச்சோர்வும் வரும். சிரித்த பிள்ளை சோர்ந்து மூலையில் உட்கார்ந்தால் “சாமிக்குக் கோவம்” என்று திருநீறு போடுகிறார்கள். காது வலியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயது. இப்போது 60-ஐ ஒட்டி. நடுவில் நடந்தது அற்புதம் ஒன்றுமில்லை. இதய அறுவைச் சிகிச்சை செய்தார்கள், காப்பகங்களில் அடைப்பதை நிறுத்தினார்கள். நம் ஊரிலும் முதலமைச்சர் காப்பீட்டில் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது.

இன்னொன்று, வீடுகளில் பேசத் தயங்குவது. சாமிக்கு உடம்பு கிடையாது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் பெண் வயதுக்கு வருவாள். மாதவிடாய் என்றால் என்ன, யார் தொடலாம், யார் தொடக்கூடாது, எப்போது கத்த வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தருவதில்லை. ‘அதுக்கு என்ன தெரியும்’ என்ற நினைப்பு கயவனுக்குத்தான் வசதி.

சட்டம் சாமியாட்டம் ஆடவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. ஆனால் அந்தத் தொகை வந்த அன்றோடு ‘எல்லாம் கிடைச்சிருச்சு’ என்று பல வீடுகள் முடித்துக்கொள்கின்றன. பிள்ளைக்கு 18 முடிந்தால் பெற்றோர் தாமாகச் சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தேவைப்படுவோர் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட வேண்டும். தெய்வத்துக்கு வங்கிக் கணக்கு தேவையில்லை. இவளுக்குத் தேவை, ஏனென்றால் அம்மா அப்பாவுக்குப் பிறகும் இவள் இருப்பாள்.

“நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையும் எங்கே பார்ப்பது?” என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதை அரசிடம் கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்கக் கூடாது. சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் மகள் பாப்லிக்காக எல்லாவற்றையும் தானே தேடிக் கற்றுக்கொண்டு, 1980-களில் மற்ற பெற்றோருக்காகத் தொடங்கியதுதான் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. வணங்க வேண்டிய உழைப்பு. ஆனால் கறம்பக்குடியிலும் ஆவுடையார்கோயிலிலும் ஒவ்வொரு தாயும் சுரேகாவாக மாறினால்தான் பிள்ளை படிக்கும் என்றால், அந்த ஏற்பாட்டில்தான் கோளாறு.

கடைசியாக ஒரு கூட்டத்தாரிடம் பேச வேண்டும். 1991-இல் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போன அறிவொளித் தொண்டர்களே, உங்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. பலர் ஓய்வு பெற்று ஊரிலேயே இருக்கிறீர்கள். சொல்லைக் காட்டி எழுத்துக்குக் கூட்டிப் போகிற வித்தை உங்கள் கையில் இன்னும் இருக்கிறது. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இப்படி ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். முதலில் காதைச் சோதித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பிறகு பத்து அட்டையும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.