அழைத்தவருக்குத் தண்டனை, எண்ணைக் கொடுத்தவருக்கு?

புதுதில்லி: தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்சிலும், அதை அடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசிக்கும் லேக் மார்க்கெட் பகுதியிலும், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியவர்கள் பலர். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பும், வழக்கில் சிக்கியிருப்பதாக மிரட்டும் அழைப்பும் அவர்களது ஒரே கைபேசிக்குத்தான் வருகின்றன. முன்னது தொல்லை, பின்னது கொள்ளை. இரண்டுக்கும் முதலீடு, கைமாறிய பெயரும் எண்ணும்தான்.

தொல்லை அழைப்புகளைத் தடுக்க 2007-ல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு தொடங்கப்பட்டது. ஆயினும் 2010-ல், எதிர்க்கட்சித் தலைவர்களுடன் ஆலோசனையில் இருந்த அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜிக்கே வீட்டுக் கடன் தருவதாக அழைப்பு வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2010-லும் 2018-லும் விதிகளைக் கடுமையாக்கியது. ஆனால், இவ்விதிகள் விளம்பர அழைப்புகளுக்கானவை. மோசடிக்காரர் எவரும் பதிவு செய்துகொண்டு அழைப்பதில்லை.

விளைவு கவலையளிக்கிறது. 'டிஜிட்டல் கைது' உள்ளிட்ட குற்றங்கள் 2022-ல் 39,925 ஆக இருந்தன. 2024-ல் 1,23,672 ஆகப் பெருகின. இழப்பு ரூ.91 கோடியிலிருந்து ரூ.1,935 கோடியாக உயர்ந்தது. 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் மத்திய அரசே அளித்த கணக்கு இது.

இத்தகைய வழக்கு ஒன்றில், மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டம் கல்யாணி நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மும்பை போலீஸார் என்று நடித்து முதியவர் ஒருவரிடம் சுமார் ரூ.1 கோடி பறித்த வழக்கு அது. அழைத்தவர்கள் சிக்கினால் தண்டிக்க முடியும் என்பதற்கு அத்தீர்ப்பு சான்று. எண்ணும் விவரமும் கசியக் காரணமானவர்களின் பொறுப்போ வேறு சட்டத்தைச் சார்ந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ல் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வர மேலும் 18 மாத அவகாசம் தரப்பட்டது.

தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இச்சட்டம் வழிசெய்கிறது. ஆனால், அத்தொகை சேருவது அரசின் தொகுப்பு நிதியில். பாதிக்கப்பட்டவருக்கு அதில் பங்கில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிவகுத்த 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகை செய்துள்ளது.

தொலைபேசியில் கைது என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணத்தை இழந்தவர்கள் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும் என்று அரசு எச்சரிக்கிறது. எச்சரிக்கை அவசியமே. சேமிப்பை இழந்த முதியவருக்கு இழப்பீடு கோரும் உரிமையும் அவசியம். அதை வழங்கும் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது.